தகரப் பெட்டிக்குள் ஓர் ஊர்: இங்கிலாந்துச் சொலிசிட்டர்களின் பழைய பத்திரங்கள்

(திரையில்: கறுப்பு வண்ணம் பூசிய தகரப் பெட்டி. மேலே வெள்ளை எழுத்தில் ஒரு குடும்பப் பெயர்.)

இங்கிலாந்தின் சின்ன ஊர்களில் இருந்த பழைய சொலிசிட்டர் அலுவலகங்களில் இப்படிப்பட்ட பெட்டிகள் சுவரோரமாகக் கூரை வரை அடுக்கியிருக்கும். முக்கியமான கட்சிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. உள்ளே இளஞ்சிவப்பு நாடாவால் கட்டிய பத்திரக் கட்டுகள்.

சொலிசிட்டர் ஒரு வகை வக்கீல், ஆனால் அந்தக் காலத்தில் பெரிய நீதிமன்றத்தில் எழுந்து வாதாடியவர் இல்லை. பத்திரம், உயில், அடமானம், சொத்துப் பிரிவினை எல்லாம் அவர் கையில்தான் நடக்கும். 18ஆம் நூற்றாண்டில் ஊர்க்காரர்கள் அவரை அட்டர்னி என்றுதான் பெரும்பாலும் அழைத்தார்கள்.

சரி, ஊர் முழுக்க உள்ள சொத்துகளின் ஆவணங்கள் ஏன் ஒரு தனியார் அலுவலகத்தின் அலமாரியில் கிடந்தன?

ஏனென்றால் அப்போது இங்கிலாந்தின் பெரும்பகுதியில் பத்திரப்பதிவு அலுவலகமே கிடையாது. யார்க்ஷயரிலும் லண்டனை ஒட்டிய மிடில்செக்ஸிலும் 1700-களில் பதிவகங்கள் வந்துவிட்டன. மற்ற இடங்களில் ஒரு வீடு உங்களுடையது என்று நிரூபிக்க ஒரே வழி, தாய்ப்பத்திரங்களை வரிசையாக எடுத்துக் காட்டுவதுதான். வாங்குபவரின் வக்கீல் 60 வருடம் பின்னோக்கிப் போய் வில்லங்கம் இருக்கிறதா என்று பார்ப்பார். 1874-ல் வந்த சட்டம் அதை 40 வருடமாகக் குறைத்தது. எதைக் கேட்பார்களோ தெரியாது, அதனால் யாரும் எதையும் தூக்கிப் போடவில்லை.

இந்தப் பழக்கத்தால் என்ன மிஞ்சியது என்பதற்கு லண்டனிலிருந்து ஓர் உதாரணம். 1613-ல் ஷேக்ஸ்பியர் பிளாக்ஃபிரையர்ஸ் பகுதியில் 140 பவுண்டுக்கு ஒரு வீடு வாங்கினார். அந்த வீட்டின் அடமானப் பத்திரத்தை 1768-ல் ஆல்பனி வாலிஸ் என்ற சொலிசிட்டர் கண்டெடுத்தார், வேறொரு குடும்பத்தின் சொத்துக் கட்டுக்குள்ளிருந்து. ஷேக்ஸ்பியருடைய கையெழுத்து என்று பொதுவாக ஏற்கப்படுபவை ஆறுதான். அதில் ஒன்று இந்தப் பத்திரத்தில் இருக்கிறது. கையெழுத்திட்டவர் பெரிய நாடகாசிரியர் என்பதற்காக யாரும் அதைப் பத்திரப்படுத்தவில்லை. வீட்டை விற்க அது தேவைப்படலாம் என்றுதான் வைத்திருந்தார்கள்.

(திரையில்: இரண்டு தோல் பத்திரங்கள், ஒன்றின் மேல் ஒன்று. மேல் விளிம்பு அலை அலையாக வெட்டப்பட்டிருக்கிறது.)

இந்த இரண்டையும் பாருங்கள். ஒரே வீடு, அதே ஆட்கள். ஆனால் தேதி ஒரு நாள் தள்ளி. 1536-ல் வந்த ஒரு சட்டம், குறிப்பிட்ட வகை விற்பனையைப் பகிரங்கமாகப் பதிய வேண்டும் என்றது. தங்கள் சொத்து விவகாரம் ஊருக்குத் தெரிவதில் யாருக்கும் விருப்பமில்லை. வக்கீல்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முதல் நாள் ஒரு வருடக் குத்தகை, வாடகை பெரும்பாலும் ஒரே ஒரு மிளகு. மறுநாள் மீதி உரிமையையும் குத்தகைக்காரருக்கே விட்டுக்கொடுப்பது. பதிவு வேண்டாம், சொத்தும் கைமாறிவிட்டது! 1841 வரை இந்த ஜோடிப் பத்திரம்தான் வழக்கம்.

அவை எழுதப்பட்டது பெரும்பாலும் செம்மறியாட்டுத் தோலில். 2021-ல் வெளியான ஓர் ஆய்வு 645 தோல் மாதிரிகளைச் சோதித்து இதை உறுதிசெய்தது. செம்மறித் தோலின் அடுக்குகளுக்கு நடுவே கொழுப்பு அதிகம். எழுத்தைச் சுரண்டி மாற்றப் பார்த்தால் தோல் பிரிந்து தழும்பு விழும். மோசடி செய்தவன் அங்கேயே மாட்டிக்கொள்வான். 12ஆம் நூற்றாண்டிலேயே, அரசக் கருவூலத்தின் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் இதே காரணத்துக்காகத்தான் செம்மறித் தோலைச் சொன்னார்.

பத்திரங்கள் ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்கிறீர்களா? கட்டணம் நீளத்தைப் பொறுத்தது. 72 வார்த்தை ஒரு ‘ஃபோலியோ’, ஃபோலியோவுக்கு இவ்வளவு என்று கூலி. 1881-ல் வந்த சட்டத்துக்குப் பிறகே சொத்தின் மதிப்பை வைத்துக் கட்டணம் போடும் முறை பரவியது.

(திரையில்: கணக்குப் புத்தகம். ஒரே தொகை திரும்பத் திரும்ப வருகிறது.)

எனக்குப் பத்திரங்களை விட இந்தக் கணக்குப் புத்தகங்கள்தான் பிடிக்கும். கட்சிக்காரரைப் போய்ப் பார்த்தது, ஆலோசனை சொன்னது, எல்லாவற்றுக்கும் வரி வரியாகக் கட்டணம். அடிக்கடி வரும் தொகை 6 ஷில்லிங் 8 பென்ஸ், சரியாக ஒரு பவுண்டில் மூன்றில் ஒரு பங்கு. யார் யாரோடு எந்த நாள் என்ன பேசினார்கள் என்பது எந்த அரசு ஆவணத்திலும் இருக்காது. இதில் இருக்கும். பக்கத்திலேயே அனுப்பிய கடிதங்களின் நகல் புத்தகமும் கிடைக்கும். ஜேம்ஸ் வாட் 1780-ல் காப்புரிமை வாங்கிய முறை அது: ஈரமான மெல்லிய தாளைக் கடிதத்தின் மேல் வைத்து அழுத்தினால் மை அதில் இறங்கும். எழுத்து இடவலம் மாறிப் பதிவதால், தாளின் மறுபக்கத்திலிருந்து படிக்க வேண்டும்.

ஊரில் வங்கி இல்லாத காலத்தில், விதவையின் சேமிப்பை வாங்கி விவசாயிக்கு அடமானக் கடனாக ஏற்பாடு செய்ததும் இந்த மனிதர்தான். சுங்கச்சாலை அறக்கட்டளைக்குச் செயலாளர், நிலப்பிரபுவின் பண்ணை நீதிமன்றத்துக்கு மேலாளர், தேர்தலில் முகவர். நியூகாசில் அண்டர் லைமின் அட்டர்னி ஜான் ஸ்பாரோ, 1766-ல் சட்ட அனுமதி பெற்ற டிரென்ட் மெர்சி கால்வாய்க் கம்பெனிக்கே செயலாளர். பொதுநிலத்தைப் பங்குபோட்டு வேலியடைத்த சட்டங்கள் 1604 முதல் 1914 வரை 5,200-க்கு மேல். அடைக்கப்பட்டது சுமார் 68 லட்சம் ஏக்கர். அந்த வேலைக்கும் உள்ளூர் வக்கீல்தான் எழுத்தர். மாட்டை மேய்த்த இடம் யாருக்குப் போனது என்பது அவர் பெட்டியில் இருக்கும்.

இன்னொன்றும் இருக்கும். கரீபியன் கரும்புத் தோட்டத்தின் அடமானப் பத்திரம், அதன் பின்னால் அடிமைகளின் பெயர்ப் பட்டியல். அமைதியான ஓர் ஆங்கிலச் சந்தை ஊரில், நிலத்தோடும் பாத்திரத்தோடும் சேர்த்து மனிதர்களை எழுதி வைத்த தாள். பல பேருக்கு, அவர்கள் வாழ்ந்ததற்கு மிஞ்சிய ஒரே எழுத்துச் சாட்சி அதுதான்.

(திரையில்: தோல் விளக்குக் கூண்டு.)

1926 ஜனவரி 1-ல் புதிய சொத்துச் சட்டங்கள் அமலுக்கு வந்தன. இனி 30 வருடம் பின்னோக்கிப் பார்த்தால் போதும். ஒரே நாளில் நூற்றாண்டுக் கணக்கான பத்திரங்கள் சட்டத்துக்குத் தேவையற்றவை ஆகிவிட்டன. தோல் பத்திரங்கள் விளக்குக் கூண்டுகளாகவும் முரசுத் தோலாகவும் விலைபோயின. இரண்டாம் உலகப் போரில் பழைய காகிதம் சேகரித்தபோது இன்னும் எவ்வளவோ போயிற்று. பண்ணை நீதிமன்றப் பதிவேடுகளுக்கு மட்டும் 1924-ல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அதே அலமாரியில் பக்கத்தில் இருந்த வீட்டுப் பத்திரத்துக்கு எதுவும் இல்லை. இந்த அநியாயம் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

காப்பாற்றியவர்களும் உண்டு. 1913-ல் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஃபௌலர் பெட்ஃபோர்டில் நாட்டின் முதல் கவுண்டி (மாவட்ட) ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். 1932-ல் உருவான பிரிட்டிஷ் ஆவணச் சங்கம், வக்கீல் அலுவலகங்கள் கழித்துவிட்ட மூட்டைகளை வாங்கி, பிரித்து, அந்தந்த கவுண்டிக் காப்பகத்துக்கு அனுப்பியது. அப்புறம் 1969-ல், பத்திரங்களைப் பின்னோக்கிப் பார்க்க வேண்டிய 30 வருடம் 15 ஆனது. 1990 டிசம்பர் 1 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் விற்கும் நிலத்தைப் பதிவது கட்டாயமானது.

(திரையில்: காப்பகத்தின் வாசிப்பு மேசை.)

இந்தத் தொகுப்புகளை இன்று கவுண்டிக் காப்பகங்களில் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். தோல் பத்திரம் விரித்த வேகத்தில் மறுபடி மடிந்துகொள்ளப் பார்க்கும். ஈயக்குண்டு கோத்த பாம்பு போன்ற எடையை மேலே வைக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். முன்பக்கத்தின் நீளத்தைப் பார்த்து மிரளாதீர்கள். முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பெட்டியில் சட்டென்று தேடி எடுப்பதற்காகத் தேதியையும் ஆட்களின் பெயரையும் சொத்தையும் அங்கே நாலு வரியில் குமாஸ்தா எழுதி வைத்திருப்பார்.