இருபதாவது பொத்தான்

வணக்கம். தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு என் பொத்தான் டப்பாவை மீண்டும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் மேசை முழுவதும் 20 பொத்தான்களைச் சிதறவிட, இடப் பக்கப் பார்வையை இழந்த நான் கையால் துழாவாமல் கண்ணால் மட்டுமே தேடிப் பொறுக்கும் அந்தப் பயிற்சியில், நேற்று மாலை முதன்முறையாக ஒன்றுகூட மிச்சமில்லாமல் இருபதும் டப்பாவுக்குள் வந்து சேர்ந்தன. நீலப் பொத்தானும் வந்துவிட்டது! எத்தனை காணொளிகளில் நான் “முடிந்தது” என்று பெருமையாக அறிவித்த பிறகு, அது மேசையின் இடது ஓரத்தில் படுத்துக்கொண்டு என்னைக் கேலி செய்தது என்பது உங்களுக்கே தெரியும். நேற்று அதை முதலிலேயே எடுத்தேன். ஏழாவதாகவோ பதினைந்தாவதாகவோ அல்ல, முதலிலேயே. சந்தேகம் தீராமல் மூன்று முறை எண்ணியும் பார்த்தேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் “இடக் கண்தானே போயிற்று, வலக் கண்ணால் பார்க்கலாமே” என்ற கேள்வி எனக்கு அலுத்துவிட்டது. என் கண்கள் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. மூளையின் பின்புறத்தில், பார்வையைக் கவனிக்கும் பகுதியான பிடரி மடலின் வலப் பக்கத்துக்குச் செல்லும் ரத்தம் தடைபட்டதால், இரண்டு கண்களுக்குமே உலகின் இடப் பாதி இல்லாமல் போனது. மருத்துவர்கள் இதை ஹெமியானோபியா என்கிறார்கள். அந்தப் பாதி இருட்டாகத் தெரிவதில்லை. உங்கள் பிடரிக்குப் பின்னால் இருப்பது உங்களுக்கு எப்படிக் கறுப்பாகத் தெரியாமல் வெறுமனே தெரியாமல் இருக்கிறதோ, அப்படித்தான் இதுவும். மூளையின் எந்த இடம் பழுதானால் பார்வையின் எந்தப் பகுதி மறையும் என்ற வரைபடத்துக்கு முன்னோடிகளில் ஒருவர், ருஷ்ய-ஜப்பானியப் போரில் தலையில் குண்டடிபட்ட வீரர்களைச் சோதித்து 1909-இல் தம் முடிவுகளை வெளியிட்ட ஜப்பானியக் கண் மருத்துவர் தட்சுஜி இனோயே.

இனி நேற்றைய வெற்றியின் காரணத்துக்கு வருகிறேன். முதல் சில மாதங்கள் என் கண்கள் இடப் பக்கம் போவதற்கே தயங்கின. தெரியாத படிக்கட்டில் காலால் தொட்டுத் தொட்டு இறங்குபவரைப் போல, சிறு சிறு தாவல்களாக நகர்ந்து, எதுவும் தட்டுப்படாவிட்டால் பாதியிலேயே திரும்பிவிட்டன. மைன்பெர்க் என்பவரும் அவருடைய குழுவினரும் இத்தகையோரின் கண்ணசைவுகளைப் பதிவுசெய்து 1981-இல் எழுதிய கட்டுரையில் இதே படிக்கட்டு நடையைத்தான் விவரித்திருக்கிறார்கள். அதைவிடத் திறமையான இன்னொரு வழியையும் அவர்கள் கண்டார்கள். பொருள் இருக்கக்கூடிய இடத்தையும் தாண்டி ஒரே வீச்சில் கண்ணை எறிந்துவிட வேண்டும். அப்போது பொருள் பார்வைக்கு வலப் பக்கத்தில், அதாவது தெரிகிற பாதிக்குள் வந்து விழும். பிறகு சற்றே பின்வாங்கினால் போதும். கேட்பதற்கு எளிது. ஆனால் ஒன்றுமே இல்லை என்று மூளை சத்தியம் செய்கிற இடத்தை நோக்கி, அதுவும் தேவைக்கு மேல் தூரமாக, கண்ணை அனுப்புவதற்கு எனக்கு ஐந்து மாதப் பயிற்சி வேண்டியிருந்தது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: என் பார்வைப்புலம், அதாவது கண்ணை அசைக்காமலே தெரிகிற பரப்பு, விரியவில்லை. தாடையை ஊன்றிக்கொண்டு, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் சோதனையைப் போன மாதமும் செய்தார்கள் (அந்தப் பொத்தான் வேறு, நீலப் பொத்தான் வேறு). முடிவைக் காட்டும் படம் பழைய படமேதான், தெரியாத இடத்தைக் குறிக்கும் கறுப்பு இடப் பாதி முழுவதும். தானாக மீள்வது பெரும்பாலும் முதல் சில மாதங்களில் நடந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள், ஆகவே ஏமாற்றம் இல்லை. தெரியாத பாதி அப்படியே இருக்கிறது; அதை நோக்கிக் கண் போகிற விதம் மட்டுமே மாறியிருக்கிறது.

“தலையைத் திருப்பிப் பார்” என்று அறிவுரை சொல்பவர்களைக் கண்டால் எனக்கு உண்மையாகவே எரிச்சல் வருகிறது. ஒரு பொருளை உற்றுப் பார்த்தபடி தலையை மட்டும் இடப்புறம் திருப்பினால், கண்கள் அதே பொருளைப் பற்றிக்கொண்டு எதிர்த்திசையில் சுழன்றுவிடும். தெரியாத பாதியின் எல்லை தலையோடு நகர்வதில்லை, பார்வையோடுதான் நகர்கிறது. முதலில் கண் போக வேண்டும், பிறகு தலை போகட்டும்.

வாசிப்பில் இன்னும் தடுமாறுகிறேன். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குத் திரும்பும்போது, கண் வரியின் தொடக்கத்துக்கு முன்னதாகவே நின்றுவிடுகிறது. அங்கே தெரிவதையே தொடக்கம் என்று நம்பிவிடுகிறேன். சொல்லின் முதல் எழுத்து மறைந்தால் காலையும் மாலையும் சாலையும் ஒன்றாகிவிடுகின்றன. நம் மொழியின் எதுகை அழகு இப்படி எனக்கே பகையாகும் என்று நினைத்ததில்லை. கொம்பு மட்டும் மறைந்தால் பெட்டி பட்டியாகிவிடுகிறது. இதற்காகப் பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புப் பட்டையை வைத்துக்கொண்டு, சிவப்பு தெரியும் வரை படிக்கத் தொடங்குவதில்லை என்று விதித்துக்கொண்டேன். வலப் பாதியை இழந்தவர்களின் பாடு இதைவிடக் கடினம்: அடுத்து வரும் சொல்லை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும் வசதி அவர்களுக்கு இல்லை. தமிழிலோ, செயல் நடந்ததா இல்லையா என்பதே பல சமயம் சொல்லின் வாலில்தான் இருக்கிறது. தாளைச் செங்குத்தாகத் திருப்பி, வரிகளை மேலிருந்து கீழாகப் படிக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த வழி சிலருக்கு உதவுகிறது, எனக்கோ பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிட்டது.

நாளை பழுப்பு மேசையில் பழுப்புப் பொத்தான்களைச் சிதறவிடச் சொல்லியிருக்கிறேன். நீலம் டப்பாவிலேயே இருக்கட்டும்.