தூங்காத விளையாட்டுப் பெட்டி

நேயர்களுக்கு வணக்கம். டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் பெட்டிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2006இல் கொண்டுவந்த வீ (Wii).

அதன் ரிமோட்டுக்கு ஒயர் கிடையாது, ப்ளூடூத்தான். ஆனால் டிவிக்கு மேலேயோ கீழேயோ ஒரு மெல்லிய பட்டை வைப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? ரிமோட்டின் அசைவை அதுதான் கவனிக்கிறது என்று விளையாடியவர்களே சொல்வார்கள். அது எதையும் கவனிப்பதில்லை! இரண்டு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, அவ்வளவுதான். அதிலிருந்து பெட்டிக்குப் போகும் ஒயர்கூட மின்சாரத்துக்குத்தான். கேமரா இருப்பது ரிமோட்டின் மூக்கில். அந்த இரண்டு ஒளிப்புள்ளிகளைப் பார்த்துத்தான், திரையில் நாம் எங்கே காட்டுகிறோம் என்று கணக்குப் போடுகிறது. நம்பிக்கை இல்லையா? பட்டையைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு மெழுகுவத்தி ஏற்றுங்கள். திரையில் கை வடிவக் குறி நகரும். நானே செய்து பார்த்திருக்கிறேன். பக்கத்தில் திரைச்சீலை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இணையத்துக்கு வருவோம். வைஃபை உள்ளேயே உண்டு. ஒயர் வழியாக வேண்டுமென்றால் அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். வீகனெக்ட்24 என்று அப்போது ஒரு ஏற்பாடு இருந்தது. பெட்டியை அணைத்தாலும் அது முழுதாகத் தூங்காது, இணையத்தில் விழித்துக்கொண்டிருக்கும். செய்தி வந்தால் டிஸ்க் போடும் வாய் நீலமாக ஒளிரும். வீட்டில் எல்லோரும் தூங்கியபிறகு அது நடந்தால் பயந்துபோவோம்!

நண்பருக்குச் செய்தி அனுப்ப அவர் பெட்டியின் 16 இலக்க எண் வேண்டியிருந்தது. அவரும் நம் எண்ணைப் பதிய வேண்டியிருந்தது. ஒருவர் மட்டும் பதிந்தது போதவில்லை. ஆன்லைனில் நண்பரோடு விளையாட ஒவ்வொரு கேமுக்கும் வேறு எண், அது 12 இலக்கம். முன்பின் தெரியாதவர்கள் குழந்தைகளை நெருங்கக்கூடாது என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் போனில் எண்ணைச் சொல்லி, எதிர்முனையில் எழுதி, மறுபடி வாசித்துச் சரிபார்ப்பதற்குள் விளையாடும் ஆசையே போய்விடும்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீகனெக்ட்24 2013 ஜூனில் நின்றது. ஆன்லைன் விளையாட்டு 2014 மே 20இல். பெட்டியிலிருந்தே கேம் வாங்கும் இணையக் கடை 2019 ஜனவரி 30இல். ஆனால் அறைக்குள் இருக்கும் ப்ளூடூத்தை யாராலும் நிறுத்த முடியாது. ரிமோட்டில் பேட்டரி போட்டால் இன்றைக்கும் வேலை செய்யும். மாரியோ கார்ட் என்ற பந்தய கேமுக்கு ரசிகர்களே சர்வர் நடத்துகிறார்கள், அது தனிக் கதை. அப்புறம் ஒன்று: பரணிலிருந்து பழைய வீயை இறக்கினால், ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை இருக்கிறதா என்று பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அதற்குத் தெரியாது. வணக்கம்.