சென்னை மாநகராட்சித் தேர்தல்: மேயர் நாற்காலியும் வார்டு வாக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

2022 பிப்ரவரி 19 அன்று சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கும் வாக்குப்பதிவு நடந்தபோது, வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 43 சதவீதத்தினர் மட்டுமே. மாநில அளவில் இது 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. நகரத்தாருக்கு அக்கறை இல்லை என்று அப்போது பலரும் குறைப்பட்டுக்கொண்டார்கள். அந்தக் குறைகூறலில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வாக்காளரைக் கேட்பதற்கு முன், அவருக்கு வாக்களிக்க எத்தனை முறை வாய்ப்புக் கொடுத்தோம் என்பதைக் கேட்க வேண்டும்.

1688-இல் தொடங்கப்பட்ட பழம்பெரும் மாநகராட்சி இது. 1933 முதல் மேயர் பதவி இருக்கிறது. ஆனால் மஸ்டர் ரோல் எனப்படும் தினக்கூலிப் பதிவேட்டு ஊழலை அடுத்து, வார்டு உறுப்பினர்களின் அவையான மாமன்றம் 1973-இல் கலைக்கப்பட்ட பின், 1996 வரை தேர்தலே நடக்கவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள்! அந்தக் காலத்தின் தொடக்கத்தில் பிறந்த ஒரு குழந்தை, வார்டு உறுப்பினர் என்றால் யார் என்று தெரியாமலேயே வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றிருக்கும். 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து, மாமன்றத்தின் பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிய வேண்டும் என்று விதித்த பிறகே நிலைமை மாறியது.

1996-இல் மக்கள் நேரடியாக வாக்களித்து மு.க. ஸ்டாலினை மேயராக்கினார்கள், 2001-இலும் அவரே வென்றார். 2006-இல் மாமன்ற உறுப்பினர்களே மேயரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல் வந்தது, மா. சுப்பிரமணியன் மேயரானார். 2011-இல் மீண்டும் நேரடித் தேர்தல் நடந்து சைதை துரைசாமி வென்றார். 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் மறுபடியும் மறைமுக முறையைக் கொண்டுவந்தது. ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தாலும் இந்த முறையைத் தன் வசதிக்கேற்பத் திருப்பிக்கொண்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மறைமுக முறையிலும் நியாயம் உண்டு. மேயர் ஒரு கட்சியும் மாமன்றப் பெரும்பான்மை வேறொரு கட்சியுமாக இருந்தால், தீர்மானங்கள் நிறைவேறுவது கடினம். நேரடி முறையில் மேயருக்குச் சொந்தமாக ஒரு மக்கள் செல்வாக்கு கிடைக்கும். ஆனால் இரண்டு முறையிலும் நிர்வாக அதிகாரம் பெரும்பாலும் அரசு நியமிக்கும் ஆணையரிடமே இருக்கிறது. குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. ஆகவே இந்த விவாதத்தைவிடப் பெரிய கேடு, தேர்தலே நடக்காமல் போவதுதான் என்பது என் கருத்து.

2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகையை அரசு நியமித்த தனி அலுவலர்களே நடத்தினார்கள். வர்தா புயல், 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சம், கொரோனா ஊரடங்கு ஆகிய மூன்றும் அந்த இடைவெளியில்தான் வந்தன. தெருவில் மரம் விழுந்தாலும் லாரித் தண்ணீர் வராவிட்டாலும் போய்க் கதவைத் தட்டுவதற்கு ஒரு வார்டு உறுப்பினர் இல்லை.

இதற்கு மாறான அனுபவம் ஆலந்தூருடையது. அது தனி நகராட்சியாக இருந்த 1990-களின் இறுதியில், தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றம் வீட்டுக்காரர்களிடமே பங்குத்தொகை திரட்டிப் பாதாளச் சாக்கடைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. யாரிடம் பணம் கொடுத்தோம், யாரிடம் கணக்குக் கேட்கலாம் என்று மக்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. 2011-இல் ஆலந்தூர், அம்பத்தூர், திருவொற்றியூர் உள்ளிட்ட 42 உள்ளாட்சிகள் சென்னையோடு இணைந்து, பரப்பளவு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. வார்டுகளோ 155-லிருந்து 200 ஆயின, அவ்வளவுதான். இணைந்த ஊர்களில் மன்றப் பிரதிநிதிகளின் எண்ணிக்கை வெகுவாகச் சுருங்கியது.

2022-இல் மேயர் பதவி பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, 28 வயதான ஆர். பிரியா மார்ச் 4 அன்று பொறுப்பேற்றார். அந்த மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச் மாதத்தோடு முடிகிறது. அடுத்த தேர்தலுக்கான அறிவிப்பு எப்போது வெளியாகிறது என்பதை, யார் வேட்பாளர் என்பதற்கும் முன்னதாகவே நேயர்கள் கவனித்து வர வேண்டும்.

நன்றி, வணக்கம்.