பாஸ்டனில் ஒரு பேஸ்பால் மாலை

வணக்கம், நேயர்களே. பாஸ்டனில் ரெட் சாக்ஸ் அணியின் ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று: காரை எடுக்காதீர்கள். ஃபென்வே பார்க் 1912-இல் திறந்த மைதானம். நெருக்கமான தெருக்களுக்கு நடுவே இருக்கிறது. ஆட்ட நாளில் கார் நிறுத்தக் கேட்கும் காசுக்கு நல்ல சாப்பாடே சாப்பிட்டுவிடலாம்.

ரயில்தான் வசதி. நகர ரயிலின் கிரீன் லைன் பாதையில் பி, சி, டி தடங்களில் எது வந்தாலும் ஏறி, கென்மோரில் இறங்குங்கள். டி தடத்தில் ஃபென்வே என்றே ஒரு நிறுத்தம் இருக்கிறது. பெயரை நம்பி அங்கே போனால் நடைதான் கூடும்.

மாலை ஆட்டமென்றால் நான் மதியமே கிளம்பிவிடுவேன். அதற்கு மட்டும் ஈ தடம். நுண்கலை அருங்காட்சியகத்தின் அருகிலேயே அது நிற்கும். கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, நம்மவர் சர் முத்து குமாரசுவாமியின் மகன், 1917-இலிருந்து 1947-இல் காலமாகும்வரை பணியாற்றிய இடம் அது. அங்குள்ள இந்தியக் கலைத் தொகுப்பு அவர் வளர்த்தது. அதை விட்டுவிட்டு மைதானத்துக்கு மட்டும் போய்வர எனக்கு மனசு வராது. பக்கத்திலேயே கார்ட்னர் அருங்காட்சியகம். 1990-இல் 13 கலைப்பொருட்கள் களவுபோயின. எதையும் இடம் மாற்றக்கூடாது என்று அதை நிறுவிய கார்ட்னர் அம்மாள் உயில் எழுதிவைத்ததால், ஓவியம் இல்லாத வெறும் படச்சட்டங்கள் இன்றும் சுவரில் தொங்குகின்றன.

அப்புறம் ஃபென்ஸ் பூங்கா வழியாக நடந்தால் மைதானம் வந்துவிடும். லான்ஸ்டவுன் தெருவில் வெங்காயமும் குடைமிளகாயும் சாசேஜோடு வதங்கும் வாசனை ஆளை இழுக்கும். உள்ளே இடதுபக்கம் 37 அடி உயரப் பச்சைச் சுவர். அந்தப் பக்கம் எல்லை கிட்டத்திலேயே இருப்பதால், வேறு மைதானத்தில் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) ஆகாத பந்துகூட இங்கே ஆகிவிடும். உயரே போகாமல் நேராகப் பறக்கிற பந்தோ சுவரில் மோதித் திரும்பும். சுவருக்குள்ளேயே ஆட்கள் இருந்து, ஸ்கோர் எண் பலகைகளைக் கையால் செருகுகிறார்கள். வலதுபக்கப் பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒன்றே ஒன்று சிவப்பு. 1946-இல் ரெட் சாக்ஸ் வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து விழுந்த இடம்.

டிக்கெட் எடுக்கும்போது தூண் மறைக்கிற இருக்கையா என்று பாருங்கள். விலை குறைவாக இருக்கும், ஆட்டத்தில் பாதிதான் தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் கென்மோரில் கூட்டம் நெரியும். காமன்வெல்த் அவென்யூவின் மரங்களுக்கு நடுவே ஒரு மைல் போல நடந்து காப்ளி நிலையத்தில் ஈ வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். ஈ வண்டி கென்மோர் பக்கமே போகாதது. அதில் உட்கார இடம் கிடைத்தாலும் கிடைக்கும்.