கழிப்பறை அலமாரியில ஒரு கோடி ரூபாய் புத்தகம்! முதல் பதிப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

[காட்சி: புதுச்சேரி காந்தி வீதி, ஞாயிற்றுக்கிழமை. நடைபாதைக் கடைகள். பின்னணிக் குரல்.]

இங்கிலாந்துல ஆக்ஸ்போர்டு பக்கம் ஒரு வீடு. விருந்தாளிங்க போற கழிப்பறையில சின்னதா ஒரு புத்தக அலமாரி. அதுல பச்சைத் துணி அட்டை போட்ட பழைய புத்தகம் ஒண்ணு. நாற்பது வருஷத்துக்கு முன்னால ஏதோ சில ஷில்லிங் கொடுத்து வாங்கினது. 2009 நவம்பர் 24-ம் தேதி லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்துல அது 1,03,250 பவுண்டுக்குப் போச்சு. இன்னைக்கு ரேட்ல கோடியைத் தாண்டும் மக்களே.

டார்வின் எழுதின 'ஆன் தி ஆரிஜின் ஆஃப் ஸ்பீஷீஸ்', 1859 முதல் பதிப்பு. இதே பேர்ல ஒரு புத்தகம் நம்ம சண்டே மார்க்கெட்டுல, பழைய ஜீன்ஸ் குவியலுக்குப் பக்கத்துல கிடந்தா எதைப் பார்க்கணும்? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

வரலாறு ஒரே மூச்சுல: ஜான் மர்ரே பதிப்பகம், 1,250 பிரதி, விலை 15 ஷில்லிங். முதல் நாளே வித்துத் தீர்ந்துச்சுன்னு சொல்லுவாங்க. தீர்த்தது வாசகர்கள் இல்ல, மொத்தமா எடுத்த கடைக்காரங்க. முடிஞ்சுது வரலாறு.

[க்ளோசப்: தலைப்புப் பக்கம்]

முதல்ல புத்தகத்தோட பேரைப் படிங்க. 'ஆன்' இல்லாம நேரா 'தி ஆரிஜின்'னு ஆரம்பிச்சா, அது 1872-ல வந்த ஆறாம் பதிப்பு வழி வந்தது. பழைய புத்தகக் கடையில கண்ணுல படுறது பெரும்பாலும் இந்த வகைதான். அதோட மறு அச்சு அவ்வளவு போட்டிருக்காங்க. முன்பக்கத்துல 'வரலாற்றுச் சுருக்கம்'னு ஒரு பகுதி இருக்கா? அப்ப அது 1861 மூணாம் பதிப்போ அதுக்கு அப்புறமோ. கடைசியில கலைச்சொல் அகராதி இருக்கா? மறுபடியும் ஆறாம் பதிப்பு. கீழ வச்சுட்டு, விலை குறைச்சுக் கேட்டுப் படிக்க வாங்கிக்கோங்க.

இது எதுவும் இல்ல, வருஷம் 1859-ஓ 1860-ஓ இருக்குன்னா நெஞ்சு கொஞ்சம் படபடக்கலாம். தலைப்புப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பாருங்க. முதல் பதிப்புல மேற்கோள் ரெண்டே ரெண்டு. மூணு இருந்தா 1860-ல வந்த ரெண்டாம் பதிப்பு. அதோட தலைப்புப் பக்கத்துல 'ஐந்தாவது ஆயிரம்'னு வேற போட்டிருப்பாங்க. 1,250-ம் 3,000-மும் கூட்டினா 4,250, அதாவது நாலாயிரத்தைத் தாண்டி ஐந்தாவது ஆயிரத்துக்குள்ள வந்தாச்சுன்னு அர்த்தம்.

அடுத்து 20-ம் பக்கம், 11-வது வரி. 'ஸ்பீஷீஸ்'ங்கற சொல்லுல 'சி' எழுத்துக்கும் 'ஐ' எழுத்துக்கும் நடுவுல ஒரு 'ஈ' தேவையில்லாம வந்து உட்கார்ந்திருக்கும். அச்சுக் கோத்தவர் கை தவறினது. ரெண்டாம் பதிப்புல திருத்திட்டாங்க. கடைசியா 117-ம் பக்கத்துக்கு எதிர்ல மடிச்சு வச்ச வரைபடம், கிளை பிரியற மரம் மாதிரி. மொத்தப் புத்தகத்துக்கும் இருக்கற ஒரே படம் அதுதான். யாராவது கிழிச்சு எடுத்திருந்தா விலை பாதாளத்துக்குப் போயிடும்.

இப்ப ஒரு குண்டு போடறேன். மேல சொன்ன அத்தனை அடையாளமும் சரியா இருந்தும் அது முதல் பதிப்பா இல்லாம போகலாம். 1964-ல ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் முதல் பதிப்பை அப்படியே நகல் எடுத்து வெளியிட்டுச்சு. நகல்னா பிழையும் சேர்ந்துதான வரும்! அதனால எழுத்துப் பிழையை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணாதீங்க. பத்து மடங்கு பெருக்கிக் காட்டற லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க, சில நூறு ரூபாய்தான். டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க. ஈய எழுத்துல அச்சடிச்ச தாள்ல எழுத்து அமுங்கின பள்ளம் தெரியும், பின்பக்கம் விரல்ல லேசா மேடு தட்டுப்படும். ஆப்செட்ல அடிச்சது வழுவழுன்னு இருக்கும். படங்களை லென்ஸ்ல பார்த்தா புள்ளி புள்ளியா வரிசை தெரிஞ்சா அது போட்டோ எடுத்துப் போட்டது.

அந்தப் பள்ளத்தையும் போலியா உண்டாக்க முடியுமா? முடியும். கலிலியோ 1610-ல வெனிஸ்ல 550 பிரதி அச்சிட்ட 'சிதேரியுஸ் நுன்சியுஸ்', அதாவது தொலைநோக்கில நிலாவைப் பார்த்து எழுதின புத்தகம். 2005-ல நியூயார்க் வியாபாரி ஒருத்தருக்கு ஒரு பிரதி வந்துச்சு. செதுக்குப் படம் இருக்க வேண்டிய இடத்துல நிலா நீர்வண்ணத்துல வரைஞ்சிருந்துச்சு. கலிலியோ கைப்பட வரைஞ்சதுன்னு பேச்சு. ஜெர்மனியில நிபுணர் குழு ஆராய்ச்சி பண்ணி, அசல்தான்னு தடிதடியா புத்தகமே போட்டாங்க. நிக் வைல்டிங்னு ஒரு வரலாற்றுப் பேராசிரியர் மட்டும் தலைப்புப் பக்கத்துல இருந்த நூலக முத்திரையையே முறைச்சுப் பார்த்துட்டிருந்தார். அசல் முத்திரையோட அது ஒத்துப்போகல. 2012-ல குட்டு உடைஞ்சுது: ஃபோட்டோபாலிமர், அதாவது ஒளி பட்டா இறுகற பிளாஸ்டிக் தகடுல எழுத்து எடுத்து, புதுசா செஞ்ச தாள்ல அழுத்தி அடிச்சிருக்காங்க. இதுக்குப் பின்னால இருந்தவர் யாரு தெரியுமா? இத்தாலியில நேப்பிள்ஸ்ல ஒரு பழம்பெரும் நூலகத்துக்கே இயக்குநரா இருந்தவர். பாலுக்குப் பூனை காவல்!

பக்கம் எண்ணற வேலைக்கு வருவோம். சேகரிக்கறவங்க வாங்கறது பழமையை இல்லைங்க, முழுமையை. ஒரே பெரிய தாள்ல அச்சடிச்சு மடிச்ச பக்கக் கட்டை நம்ம அச்சகத்துல 'ஃபாரம்'னு சொல்றோம்ல, அதே கணக்குதான் அங்கயும். ஒவ்வொரு ஃபாரத்தோட முதல் பக்கத்துலயும் அடியில ஏ, பி, சி-ன்னு ஓர் எழுத்து இருக்கும். அந்த வரிசையை எண்ணிக்கிட்டே போங்க. பழைய வரிசையில 23 எழுத்துதான்: ஐ-யும் ஜே-யும் ஒண்ணு, யூ-வும் வி-யும் ஒண்ணு, டபிள்யூ கிடையாது. இது தெரியாம 'தாள் காணோம்'னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க.

நியூட்டனோட 'பிரின்சிபியா', 1687. பக்க எண் 383 வரைக்கும் ஒழுங்காப் போகும், அடுத்து நேரா 400. எதுவும் காணாம போகல, அச்சகம் போட்ட எண்ணே அப்படித்தான். பக்க எண்ணை விட ஃபாரம் எழுத்தை நம்பணும்னு சொல்றது இதுக்காகத்தான். 2016-ல இதோட ஒரு பிரதி நியூயார்க்ல 37 லட்சம் டாலருக்கு மேல போச்சு. ஆனா அச்சிட்ட காலத்துல லண்டன் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிகிட்ட காசே இல்ல, ஏன்னா அதுக்கு முந்தின வருஷம் 1686-ல மீன்களைப் பத்தி ஒரு பெரிய புத்தகம் போட்டு கையைச் சுட்டுக்கிட்டாங்க. நியூட்டன் புத்தகத்துக்கு வானியலாளர் எட்மண்ட் ஹாலிதான் சொந்தக் காசு போட்டார். அவருக்குச் சேர வேண்டிய சம்பளத்துக்குப் பதிலா சொசைட்டி என்ன கொடுத்துச்சு தெரியுமா? விக்காத மீன் புத்தகம் ஐம்பது பிரதி! கடலூர் துறைமுகத்துல இருந்திருந்தா மீனாவது கிடைச்சிருக்கும்.

[காட்சி: பாரதி பூங்கா, ஆளுநர் மாளிகைப் பக்கம்]

நமக்கு எட்டற மாதிரி சொல்லுன்னு கேக்கறீங்க. எனக்குப் புடிச்ச பகுதியே இதுதான், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

சூரியனை வெள்ளி கடக்கறதைப் பார்க்கத்தான் பிரான்ஸ்ல இருந்து லெ ஜாந்தீல்ங்கற வானியலாளர் நம்ம புதுச்சேரிக்குக் கிளம்பினார். 1761-ல வந்து சேரறதுக்குள்ள ஊரை ஆங்கிலேயர் பிடிச்சிட்டாங்க. நடுக்கடல்ல ஆடற கப்பல்ல நின்னு பார்த்தார், அளவெடுக்க முடியல. எட்டு வருஷம் காத்திருந்து 1769 ஜூன்ல இங்கேயே ஆய்வுக்கூடம் கட்டி உட்கார்ந்தா, சரியா அந்த நேரத்துல மேகம்! இந்தச் சோகத்தை எல்லாரும் சொல்லுவாங்க. இதுக்கு நடுவுல அவர் இங்க கத்துக்கிட்டதைத்தான் யாரும் சொல்றதில்ல. தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்குல கிரகணம் எப்படிக் கணிக்கறாங்கன்னு இங்க உட்கார்ந்து படிச்சார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும்னு நம்ம கணக்கு சொன்னதுல பிசகு 41 விநாடி. அப்போ ஐரோப்பாவுல பேர் வாங்கின, மேயர்ங்கற ஜெர்மன் வானியலாளரோட நிலா அட்டவணையில பிசகு 68 விநாடி!

இந்த விவரம் இருக்கற அவரோட பயண நூல் 1779-லயும் 1781-லயும் பாரிஸ் அரசு அச்சகத்துல ரெண்டு பெரிய தொகுதியா வந்துச்சு. வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கு. கிட்டத்தட்ட அதே வருஷங்கள்ல ஸ்விட்சர்லாந்துன்னு போட்டு சின்ன அளவுல ஐந்து தொகுதிப் பதிப்பும் வந்திருக்கு. 'பதினெட்டாம் நூற்றாண்டு லெ ஜாந்தீல்'னு விளம்பரம் பார்த்தா, எத்தனை தொகுதி, என்ன அளவுன்னு முதல்ல கேளுங்க.

இன்னொண்ணு, 1825-ல மெட்ராஸ்ல அச்சான ஜான் வாரனோட 'கால சங்கலித'. புதுச்சேரியில ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில கிளிஞ்சல்களை வச்சு, மனப்பாடமா வச்சிருந்த அட்டவணையில இருந்து அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணிச்சதை அதுல எழுதி வச்சிருக்கார். கிரகணம் தொடங்கற நேரத்துல நாலு நிமிஷம்தான் வித்தியாசம். பேப்பர் இல்ல, பேனா இல்ல. அலமாரியில டார்வின் இல்லாட்டியும் பரவாயில்ல, எனக்கு இது போதும்னு தோணும்.

இருபதாம் நூற்றாண்டுல தேடறவங்களுக்கு: ராமானுஜன் கட்டுரைத் தொகுப்பு, கேம்பிரிட்ஜ் 1927. சாலிம் அலியோட இந்தியப் பறவைகள் நூல், 1941. சந்திரசேகரோட விண்மீன் அமைப்பு பற்றின நூல், சிகாகோ 1939. மேலுறை இருந்தா விலையே வேற.

இப்ப நம்ம கடற்கரை ஊர்ப் பிரச்சினை. காத்துல ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினா பூஞ்சைக்குக் கொண்டாட்டம், இங்க வருஷத்துல பாதி நாள் அதுக்கு மேலதான். அலமாரியைச் சுவத்துல ஒட்டி வைக்காதீங்க, நாலு விரக்கடை தள்ளி வைங்க. உள்ள ஈரப்பத மீட்டர் ஒண்ணு, சிலிக்கா ஜெல் டப்பா ஒண்ணு. நீல ஜெல் இளஞ்சிவப்பா மாறினா அவன்ல 120 டிகிரியில ரெண்டு மூணு மணி நேரம் சுட்டா மறுபடி நீலமாகும். ராமபாணப் பூச்சி அரிச்சிருந்தா புத்தகத்தை பிளாஸ்டிக் உறையில காத்து போகாம மூடி, ஃப்ரீசர்ல மைனஸ் 18-ல ரெண்டு வாரம். வெளிய எடுத்ததும் உறையைப் பிரிக்காதீங்க, ஒரு நாள் அப்படியே விடுங்க. இல்லன்னா தாள் மேல பனி வேர்த்துடும்.

பைண்டர்கிட்ட மட்டும் தயவுசெஞ்சு ஓடாதீங்க. 'புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்'னு ஓரத்தைக் கட்டிங் மெஷின்ல சீவி, பழைய துணி அட்டையைத் தூக்கிப் போட்டுட்டு காலிக்கோ துணி ஒட்டித் தருவாங்க. பசையில பூச்சி வராம இருக்க மயில்துத்தம் கலப்பாங்க. அதுல இருக்கற செம்பு தாளைப் பழுப்பாக்கி நொறுக்கிடும். செல்லோ டேப் ஒட்டினா அதை விட மோசம்.

2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் மாதிரி வந்து புத்தகம் நனைஞ்சா வெயில்ல பிரிச்சுக் காயப் போடாதீங்க, பக்கத்தைப் பக்கத்துல இருந்து உரிக்காதீங்க. ரெண்டு நாளுக்குள்ள ஃப்ரீசருக்குள்ள போயிடணும். அப்புறம் நிதானமா ஒவ்வொண்ணாக் காய வைக்கலாம். கரண்ட் இல்லாத வாரத்துல ஃப்ரீசருக்கு எங்க போறதுன்னு கேக்கறீங்களா? பக்கத்துல ஐஸ் ஃபேக்டரி இருக்கு. உறையை நல்லா மூடிக்கிட்டுப் போங்க, இல்லன்னா டார்வினுக்கு வஞ்சிரம் வாசனை வந்துடும்.

உங்க வீட்டுப் பரண்ல ஏதாவது சிக்கினா கமெண்ட்ல போடுங்க. அட்டையை மட்டும் போட்டோ எடுத்து 'ப்ரோ என்ன விலை'ன்னு கேக்காதீங்க. தலைப்புப் பக்கம், அதோட பின்பக்கம், கடைசிப் பக்கம், மடிச்சு வச்ச படம் இருந்தா விரிச்சு ஒண்ணு. விரிக்கும்போது மடிப்பைப் பின்பக்கமா அழுத்தாதீங்க, அங்கதான் முதல்ல கிழியும்.