சித்தப்பா படகுப் பெட்டிய ஏன் ரஸ்ட்ல திரும்ப எழுதுனேன்

வணக்கம் மக்களே. பாம்பன் வடகடல் ஓரத்துல நின்னு பேசுறேன், காத்துச் சத்தம் கொஞ்சம் இரையும்.

இந்தப் பெட்டியப் பாருங்க. உள்ள ஒரு ஜிபிஎஸ், ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (குட்டிக் கம்ப்யூட்டர் சிப்பு), ஒரு சின்ன ஸ்கிரீன். எல்லைக்கோட்டுக்குக் கிட்டப் போனா கத்தணும், அவ்வளவுதான் இதோட வேலை. எங்க சித்தப்பா விசைப்படகுக்காக நான் செஞ்சது. போன வருசம் இதுக்கான புரோகிராம சி மொழியில எழுதுனேன், இப்ப ரஸ்ட்ங்கற இன்னொரு புரோகிராம் மொழியில திரும்ப எழுதியிருக்கேன்.

ஜிபிஎஸ் வரிவரியா அனுப்பும். ஒரு வரி அதிகபட்சம் 82 எழுத்து. நானும் 83 எழுத்துக்கு இடம் ஒதுக்கி, வரி முடியிற குறி வர்ற வரைக்கும் வாங்கி அடுக்குன்னு எழுதிட்டேன். வீட்டு மேசையில அருமையா ஓடுச்சு. கடல்ல இன்ஜின் அதிர்ச்சியில வயர் லூசாகி அந்த முடிவுக்குறி விழுந்துபோச்சு. ரெண்டு வரி ஒண்ணா ஒட்டிக்கிச்சு. இடம் நிறைஞ்ச பிறகும் எழுத்து மேல மேல விழுந்து, மெமரியில அதுக்கு அடுத்தாப்புல இருந்தத அழிச்சிருச்சு. அடுத்தாப்புல இருந்தது எதுன்னு நினைக்கிறீங்க? எல்லைக்கோட்டோட அளவுகள். அப்புறம் பெட்டி எப்படிக் கத்தும்? நல்லவேளை சித்தப்பா தன் கையில இருந்த ஜிபிஎஸ் செட்டப் பாத்து படகத் திருப்பிட்டாரு. கரைக்கு வந்து, "ஏப்பா, உன் பெட்டி வாயே தொறக்கலயே"ன்னாரு. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல.

என் கவனக்குறைவுதான், மறுக்கல. ஆனா 2014ல வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டையும் கிட்டத்தட்ட இதே ரகம். இணையத்துல தகவலப் பூட்டி அனுப்புற ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள்ல, ஒதுக்குன இடத்தோட எல்லை தாண்டிப் படிச்சு, ஒரு தடவைக்கு 64 கேபி வரைக்கும் மெமரி வெளிய கசிஞ்சுச்சு. மைக்ரோசாஃப்ட் 2019ல சொன்ன கணக்குல, அவங்க சரிபண்ற பாதுகாப்பு ஓட்டைகள்ல ஏறக்குறைய 70 சதவீதம் மெமரித் தப்புதான். அனுபவசாலிங்க கையிலயும் இது நழுவுதுன்னா, மொழியே பிடிச்சு நிறுத்தணும். ரஸ்ட் அதைத்தான் செய்யுது.

கோ மொழி எனக்குப் பிடிக்கும், ஆனா அது பின்னாடி பயன்படாத மெமரிக் குப்பைய அள்ளிக்கிட்டே இருக்கும், இந்தச் சின்னச் சிப்புக்கு அது பாரம். ஜிக் மொழி இன்னும் 1.0ங்கற நிலையான பதிப்புக்கு வரல, அடுத்த பதிப்புல என் கோட் உடையலாம். ஏடா 1983ல இருந்தே தரப்படுத்துன மொழி, விமானத்துலயே ஓடுது, அதுமேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா என் சிப்புக்கு வேண்டிய லைப்ரரி, அதாவது மத்தவங்க எழுதி வச்ச கோட், ரஸ்ட்லதான் தாராளமாக் கிடைச்சுது.

ரஸ்ட் 1.0 வந்தது 2015 மே மாசம். ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு வருது, ஆனாலும் அன்னிக்கு எழுதுன கோட் இன்னிக்கும் கம்பைல் ஆகணும், அதாவது சிப்புக்குப் புரியிற மொழிக்கு மாறணும்ங்கறத விடாப்பிடியா காப்பாத்துறாங்க. லினக்ஸோட மையப்பகுதியான கெர்னலே 2022 டிசம்பர்ல, 6.1 பதிப்புல அத உள்ள விட்டுச்சு.

முதல் ரெண்டு வாரம் கம்பைலர் என்னைப் பாடாப்படுத்துச்சு. வேலைக்கு நடுவுல குறுக்க வர்ற இன்டரப்ட்டும், சுத்திச்சுத்தி ஓடுற மெயின் லூப்பும் மெமரியில ஒரே இடத்த தொடுதுன்னு விடவே மாட்டேன்னுச்சு. யோசிச்சுப் பாத்தா, சியில அதே தப்ப நான் பண்ணி வச்சிருந்தேன், இதுவரைக்கும் கண்ணுலயே படல. கணக்கையே தப்பாப் போட்டா ரஸ்ட்டும் காப்பாத்தாது, கம்பைலரோட சோதனைய நாமளே தளர்த்தி அன்சேஃப்னு எழுதுற இடத்துல பொறுப்பு நம்மளுதுதான். அதையும் சொல்லிடணும்.

இப்ப வயர ஆட்டுறேன், ஸ்கிரீனப் பாருங்க. வரி ஒட்டிக்கிச்சு, இடம் நிறைஞ்சுருச்சு… அந்த வரியத் தூக்கிப் போட்டுட்டு "சிக்னல் சரியில்ல"ன்னு காட்டி கத்துது பாருங்க. நாளைக்கு விடியக்காலம் இது படகுல ஏறுது.