அந்த 'அனைவரும்' யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

தை பிறந்ததிலிருந்து பங்குனி முடியும் வரை காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நடக்கவிருக்கும் சொற்பொழிவுகளையும் விழாக்களையும் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் பேராசிரியன் அல்லன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊரில் அச்சகம் நடத்தி, இங்கே நடந்த கூட்டங்களுக்கெல்லாம் அழைப்பிதழ் அச்சிட்டுக் கொடுத்தவன். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலத்திலும் சரி, கணினியும் ஆப்செட்டும் வந்த பிறகும் சரி, அழைப்பிதழை அச்சிட்டுக் கொடுத்த கையோடு அந்தக் கூட்டத்திற்கும் போய் உட்கார்ந்துவிடுவது என் வழக்கம். அப்படிக் கேட்டுக் கேட்டுப் பெற்றதுதான் என் படிப்பு. ஆகவே, கேட்பவனுடைய இடத்திலிருந்துதான் இன்று பேசுகிறேன்.

கூட்டம் போட்டுப் பேசுவதும், பேசுவதைக் கூடியிருந்து கேட்பதும் இந்த ஊருக்குப் புதியவை அல்ல. இங்கே கல்லூரி என்று ஒன்று வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1917இல், இந்து மதாபிமான சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். 1919இல் பாரதியார் காரைக்குடிக்கு வந்தபோது அந்தச் சங்கத்தைப் போற்றிப் பாட்டெழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கையில் கோலுடன் பாரதியார் நிற்கும் புகைப்படத்தை நேயர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். அது நம் ஊரில் எடுத்தது.

கல்லூரி வந்த கதையும் ஒரு பொதுக்கூட்டத்தில்தான் தொடங்குகிறது. 1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த இலட்சுமணசாமி முதலியார் அந்த மேடையில் பேசும்போது, நாட்டில் கல்லூரிகள் போதவில்லை, வசதி படைத்தவர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கூட்டத்தில் இருந்த கோட்டையூர் அழகப்பச் செட்டியார் எழுந்து, காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குகிறேன் என்று அங்கேயே அறிவித்தார். அடுத்த மாதமே நம் ஊர்க் காந்தி மாளிகையில் வகுப்பு நடந்தது. மறு ஆண்டு, 1948 ஜூலை 25ஆம் நாள், மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திற்கு நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தவரும் அழகப்பரே. 1985இல் வந்த பல்கலைக்கழகமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒருவர் பேசினார், ஒருவர் காது கொடுத்துக் கேட்டார். அதன் பயனாகத்தான் இன்று இத்தனை ஆயிரம் பிள்ளைகள் இந்த ஊருக்குப் படிக்க வந்து போகிறார்கள். சொற்பொழிவு கேட்பதைப் பொழுதுபோகாதவர்களின் வேலை என்று யாராவது சொன்னால், நான் அவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இப்போது என் மனத்தில் நெடுநாளாகக் கிடக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அச்சகத்தில் மடிப்பு வேலை பார்த்த அம்மா ஒருவர் இருந்தார்; புதுவயலிலிருந்து தினமும் பேருந்தில் வருவார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். ஆனாலும் எழுத்துக்கூட்டி எதையும் படித்துவிடுவார். அச்சான தாள்களை அடுக்கி, எலும்புப் பட்டையால் ஒரே இழுப்பில் இழுத்து, ஓரத்தோடு ஓரம் பிசகாமல் மடித்துப் போடுவார். ஆயிரம் அழைப்பிதழை மடித்தாலும் ஒன்றுகூடக் கோணியிருக்காது. ஒருநாள் மாலை ஒரு கல்லூரியின் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கான அழைப்பிதழை மடித்துக்கொண்டிருந்தவர், கை வேலையை நிறுத்தாமலே என்னிடம் கேட்டார்: "அண்ணே, எல்லா நோட்டீசுலயும் 'அனைவரும் வருக'ன்னு போடுறோமே, அந்த அனைவருல நானும் சேத்தியா?"

நான், "அதில் என்ன ஐயம்? தாராளமாகப் போகலாம்" என்று சொன்னேன். அவரும் அதை நம்பினார். வேலை முடிந்ததும் முகம் கழுவி, தலை வாரி, தாம் மடித்த அழைப்பிதழில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கல்லூரிக்குப் போயிருக்கிறார். வாயிற்காவலர், "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டிருக்கிறார். கூட்டத்திற்கு வந்ததாகச் சொன்னதும், "பிள்ளை இங்கே படிக்கிறதா?" என்று அடுத்த கேள்வி. இல்லை என்றிருக்கிறார். "அப்போ உங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டதும், பதில் சொல்லத் தெரியாமல் திரும்பிப் பேருந்து நிலையத்திற்கு வந்துவிட்டார். மறுநாள் இதை அவர் குறைப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. "கூட்டம் படிச்சவுகளுக்குப் போலண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு மடிக்கத் தொடங்கிவிட்டார். எனக்குத்தான் அன்று வேலை ஓடவில்லை. அந்த அழைப்பிதழில் 'அனைவரும் வருக' என்ற வரியைக் கோத்தது என் கை. எத்தனை ஆயிரம் தாளில் அந்த வரியை அச்சிட்டிருக்கிறேன்! அது யாரைக் குறிக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்தக் காவலரைக் குற்றம் சொல்ல மாட்டேன். வெளியார் வந்தால் உள்ளே விடுங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. அழைப்பிதழில் அழைத்துவிட்டு வாயிலில் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். குறை அங்கேதான் இருக்கிறது.

அதன் பின்னர், மின்வேதியியல் ஆய்வகத்தைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டிருந்த ஒருநாளில், நானும் என் மனைவியுமாக அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். இரும்பு துருப்பிடிப்பதைப் பற்றி இளம் விஞ்ஞானி ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். இரும்போடு நீரும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேரும்போது துரு உண்டாகிறது என்றும், நீரில் உப்பு கலந்திருந்தால் அது விரைவாகப் பரவுகிறது என்றும், கடலோர ஊர்களில் சன்னல் கம்பிகள் சீக்கிரம் அரித்துப் போவதற்கு அதுவே காரணம் என்றும் சொன்னார். அந்த அம்மா மெதுவாக, "எங்க வீட்டு இரும்புக் கேட்டுல அடிப்பக்கம் மட்டும் ஏன் தம்பி அரிச்சுப் போகுது?" என்று கேட்டார். விஞ்ஞானிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாசல் தெளிக்கும் நீரும் மழைநீரும் வடிந்து வந்து அடியில் தங்குகின்றன, மண் ஒட்டிக்கொண்டு அந்த ஈரத்தைக் காயவிடுவதில்லை, மேல்பகுதி வெயிலில் உலர்ந்துவிடுகிறது என்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போலச் சொன்னார். பிறகு கப்பல்களைப் பற்றிச் சொன்னார். கப்பலின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தி வைப்பார்களாம். கடல்நீரில் அந்தத் துத்தநாகம் முதலில் கரைந்துபோக, இரும்பு தப்பித்துக்கொள்ளுமாம்.

திரும்பி வரும் வழியில் அந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வீட்டுக்கு மூத்த பொண்ணு மாதிரிண்ணே அந்தத் துத்தநாகம், தன்னக் கரைச்சுக்கிட்டு மத்ததக் காப்பாத்துது" என்றார். அவரும் தம் வீட்டில் மூத்த பெண். அவர் படிப்பு ஐந்தாம் வகுப்போடு ஏன் நின்றது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த அறையில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஆனாலும் அன்று அந்தச் சொற்பொழிவு சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது என்றே இன்றளவும் நினைக்கிறேன்.

ஆகவே கூட்டம் நடத்துகிறவர்களுக்கு என் விண்ணப்பம் இது. முதலாவது, நேரம். அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் என்ன என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். பெற்றோர் நினைவாகவோ ஆசிரியர் நினைவாகவோ ஒருவர் கல்லூரியில் ஒரு தொகையைப் போட்டு வைப்பார்; அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஓர் அறிஞரை அழைத்துப் பேச வைப்பார்கள். வட்டி குறைந்துபோன இந்த நாளில் மூன்று நான்கு அறக்கட்டளைகளைச் சேர்த்து, வார நாளில் காலை பத்தரை மணிக்கு ஒரே அமர்வாக நடத்தி முடித்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் கடையில் இருப்பவர் எப்படி வருவார்? வீட்டில் உலை வைத்திருக்கும் பெண் எப்படி வருவார்? அறக்கட்டளை வைத்தவர்கள் ஊருக்குப் பயன்படட்டும் என்றுதானே வைத்தார்கள்? ஆண்டுக்கு ஒன்றையாவது சனிக்கிழமை மாலையில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, கூட்டம் தொடங்கும் நேரத்தை அச்சிடுவது போல முடியும் நேரத்தையும் அச்சிடுங்கள். இதை நான் என் அச்சகத்திற்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். பள்ளத்தூரிலிருந்தும் கண்டனூரிலிருந்தும் வருகிறவர்களுக்குக் கடைசிப் பேருந்து என்று ஒன்று இருக்கிறது. எப்போது முடியும் என்று தெரியாத கூட்டத்திற்குப் பெண்கள் வர மாட்டார்கள். வந்தாலும், சிறப்புரையாளர் ஒலிவாங்கியைப் பிடிக்கும் நேரத்தில் எழுந்து போக வேண்டியிருக்கும். வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று ஒரு மணி நேரம் கழிந்த பிறகல்லவா அவர் கைக்கு அது வருகிறது?

நம் ஊரால் இது முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். கம்பன் அடிப்பொடி என்று தம்மை அழைத்துக்கொண்ட அவர், கம்பனுக்கு அடுத்தபடியாகக் கடிகாரத்தை மதித்தவர். குறித்த நேரத்தில் தொடங்குவதும் குறித்த நேரத்தில் முடிப்பதும் கம்பன் விழாவின் அடையாளமாகவே ஆகிவிட்டன. பொதுவுடைமையாளரான ஜீவானந்தம் அந்த மேடையில் பேசினார், நீதியரசர் மு. மு. இஸ்மாயில் பேசினார். கட்சியும் சமயமும் எதுவாயினும் அனைவரும் நேரத்துக்குக் கட்டுப்பட்டார்கள். கேட்க வந்தவனுடைய நேரத்தை மதித்ததனால்தான், செட்டிநாட்டில் சாதாரண மக்கள் கம்பன் பாட்டைக் கேட்க ஊர்விட்டு ஊர் வந்து உட்கார்ந்தார்கள் என்பது என் எண்ணம். சா. கணேசனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்த மனம் வராது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். எதற்காக அழைத்தார்களோ அதை விரைந்து சொல்லிவிடுகிறேன்.

தேர்வுகள் நெருங்குவதற்கு முன்பாக, இந்த மாதமும் அடுத்த மாதமும் கல்லூரிகளில் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் வரிசையாக வரும். அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், அலுவலகத்தில் கேளுங்கள், தயங்க வேண்டாம். பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள். தமிழ்த்துறைகளில் கூட்டம் இருக்கும். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள்; 1928இல் அதே தேதியில் சர் சி. வி. இராமன் தம் கண்டுபிடிப்பை அறிவித்ததன் நினைவாகக் கொண்டாடுவது. ஆய்வகத்திலும் கல்லூரிகளிலும் அந்த வாரத்தில் பொதுமக்களுக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து, பிள்ளைகளை மட்டும் அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். வீட்டில் உள்ள கேள்வி ஒன்றையும் கொண்டு போங்கள்.

அடுத்தது பங்குனி. மகம், பூரம், உத்திரம் ஆகிய மூன்று நாளும் காரைக்குடியில் கம்பன் விழா. அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில், கம்பர் அடங்கிய இடத்தில். பிறந்த குழந்தைக்கு அந்த மண்ணை நாவில் தொட்டு வைக்கும் வழக்கம் அங்கே உண்டு. கைக்குழந்தையோடு போகும் தாய்மார்கள் முன்வரிசையிலேயே உட்காரலாம். குழந்தை அழுதால் எழுந்து போய்விட்டு மறுபடியும் வந்து உட்காரலாம். திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.